புதுக் காரா பழைய காரா என்று யோசிப்பவர்களுக்கு, நான் அலைந்த கதை

சென்ற வருடம் நான் ஒரு கார் வாங்கினேன். 46 இலட்சத்துக்குப் பேசி எடுத்த கார், என் பெயருக்கு மாறி ஒழுங்காக ஓடுகிற நிலைக்கு வரும்போது 51 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. காசு போனால் உழைக்கலாம். மாதக்கணக்கில் நித்திரை கெட்டுக் கிடந்தேனே, அதுதான் எனக்குப் பெரிய நட்டம். வாங்குவதற்கு முன் எனக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. எஞ்சினைப் பார், கிலோமீட்டரைப் பார், ரயரைப் பார் என்று ஸ்டாஃப் ரூமில் இருந்து மீன் சந்தை வரைக்கும் சொன்னார்கள். பேப்பரைப் பார் என்று அழுத்திச் சொன்னவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், பாடசாலை ஆசிரியை. இவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும். அம்மாவுக்கு இருதய வருத்தம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கிளினிக். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாகவே போய்விடலாம், இப்போது பாதையும் நல்ல பாதை. ஆனால் பஸ்ஸில் அவ்வளவு நேரம் அம்மாவால் இருக்க முடியாது. வான் பிடித்தால் போய்வர 25,000 ரூபாய் கேட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதுசா பழசா என்ற கேள்விக்கு முன்னால் வாங்கத்தான் வேண்டுமா என்று ஒரு கணக்குப் போட வேண்டும். மாதம் ஒரு கிளினிக் என்று வைத்தால் வருடத்துக்கு வான் கூலி 3 இலட்சம். ஐம்பது இலட்சத்தை வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டால் வருகிற வட்டியே அந்தக் கூலியைக் கட்டிவிடும். முதல் அப்படியே இருக்கும். கணக்கின்படி பார்த்தால் நான் கார் வாங்கியிருக்கவே கூடாது. ஆனால் ஒரு நாள் நடுச்சாமத்தில் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்து, ஓட்டோக்காரர் ஒருவரும் ஃபோன் எடுக்காமல், பக்கத்து வீட்டுப் பெடியன் மோட்டார் சைக்கிளில் அம்மாவை நடுவில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அன்றைக்கு முடிவெடுத்தேன். அப்படி ஒரு தேவை இல்லாதவர்கள் வான் கூலிக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பாருங்கள்.

இவர் வாட்ஸ்அப்பில் சொன்னது ஒரே சொல்: புதுசு எடு. தனியாக இருக்கிறாய், பழசை எடுத்துக்கொண்டு கராஜ் கராஜாக ஏறி இறங்காதே என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் நம் நாட்டில் புதுசு என்று சொல்வதில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று ஏஜென்ட் கொண்டுவந்து விற்கிற பூச்சியம் கிலோமீட்டர் கார். மற்றது ஜப்பானில் ஒன்றிரண்டு வருடம் ஓடி, ஏலத்தில் எடுத்து, கப்பலில் வந்து, இங்கே இன்னும் ரெஜிஸ்டர் பண்ணாத கார். நம்மூரில் இரண்டாவதையும் புதுக் கார் என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடத்துக்குக் கூடிய கார்களை இறக்க விடுவதில்லை என்பதால் பார்க்க எல்லாமே புதுசு போலத்தான் மினுங்கும். 2020 மார்ச்சில் டொலர் இல்லையென்று வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். திறந்ததும் விலை இறங்கும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். எங்கே இறங்கியது! எஞ்சின் சிசி கணக்கில் உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 வீத வற் வரி, இன்னும் என்னென்னவோ. ஜப்பானில் சின்ன விலைக்குப் போகிற 660 சிசி கார் ஒன்றுக்கே கொழும்பில் எனக்குச் சொன்ன விலை எழுபது இலட்சத்துக்கு மேல். நான் கொடுக்கிற காசில் பெரும்பகுதி காருக்கு இல்லை, வரிக்குப் போகிறது என்று விளங்கியபோது வயிறு எரிந்தது.

அப்படியும் ஒருவரிடம் கதைத்தேன். கொழும்புக்குப் பக்கத்தில் வாகனம் இறக்கிக் கொடுக்கிறவர். பத்து இலட்சம் முற்பணம் போட்டால் ஏலத்தில் எடுத்துத் தருவதாகச் சொன்னார். எப்போது வரும் என்றால் கப்பலைப் பொறுத்தது, கடைசி விலை என்ன என்றால் யென்னையும் வரியையும் பொறுத்தது. எழுத்தில் தாருங்கள் என்றேன், சிரித்தார். அந்தச் சிரிப்போடு நான் விட்டுவிட்டேன். ஆனால் அவரிடம் ஒரு நல்ல விடயம் கற்றேன். ஏலத்தாள் வாசிப்பது. ஜப்பானில் ஏலத்துக்குப் போகிற ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் இருக்கும். 4.5, 4, 3.5 என்று தரம் போட்டிருப்பார்கள். ஆர் என்று இருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். உள்பக்கத்துக்கு ஏ, பி, சி என்று தனியாக இருக்கும். காரின் படத்தில் சின்ன எழுத்துகள் இருக்கும்: ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் திருத்திய அடையாளம், இரண்டு எக்ஸ் என்றால் அந்தப் பகுதியையே மாற்றியிருக்கிறார்கள். ஓடிய கிலோமீட்டரும் அதில் இருக்கும். விற்கிறவர் காட்டுகிற தாளை நம்பிவிடாதீர்கள். சேஸி இலக்கத்தைக் கொடுத்துக் காசு கட்டி நீங்களே எடுத்துப் பார்க்க இணையத்தில் வழி இருக்கிறது. இங்கே ஏற்கெனவே பத்து வருடம் ஓடிய காருக்குக்கூட, வரும்போது என்ன நிலையில் வந்தது என்று இதைத் தேடிப் பார்க்கலாம். தாளில் 90,000 என்று இருந்த கார், இங்கே வந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு 70,000 காட்டினால் அதற்கு மேல் கதைக்க ஒன்றும் இல்லை.

லீசிங்கையும் பார்த்தேன். 2025 ஜூலையில் மத்திய வங்கி கார்களுக்குக் கொடுக்கிற லீசிங் கடனின் உச்சவரம்பை காரின் பெறுமதியில் 60 வீதமாக வைத்தது, மிச்சம் 40 வீதத்தை நாங்கள் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வீதம் மாறிக்கொண்டே இருக்கும், போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். எழுபது இலட்சத்துக்கு 60 வீதம் போட்டால் மாதத் தவணை என் சம்பளத்தைத் தாண்டுகிறது. இவருடைய வேலை ஒப்பந்த வேலை. தூங்க முடியாது என்று விட்டேன். சேமிப்பு, கொஞ்ச நகை, மச்சாளிடம் கைமாற்று என்று ஐம்பது இலட்சத்துக்குள் முடிக்கலாம் என்பதுதான் என் நிலைமை. ஆகவே பழசு. இதில் நான் லீசிங்கை வேண்டாம் என்றபோது கூடவே இன்னொன்றையும் இழந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய கார் தேடுவது தனிக் கலை. இணையத்தில் விளம்பரம் பார்த்தால் இலங்கையில் இருக்கிற கார்கள் எல்லாவற்றையும் லேடி டொக்டர்மார்தான் ஓட்டியிருக்கிறார்கள். எல்லாமே ஏஜென்டிடம் சேர்விஸ் செய்தவை, எல்லாமே முதல் உரிமையாளர், எல்லாமே அவசரமாக வெளிநாடு போவதால் விற்பனைக்கு. ஒரு பெண் ஃபோன் எடுத்தால் “ஹஸ்பன்ட் இல்லையா மிஸ், அவரைக் கதைக்கச் சொல்லுங்களேன்” என்பார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு நானே “அவர் கட்டாரில், காசு என்னிடம்தான் இருக்கிறது” என்று சொல்லப் பழகினேன். குரல் உடனே மாறும். விலை கூடுதலாகத்தான் இருந்தது. இறக்குமதி நின்றிருந்த ஐந்து வருடமும் பழைய கார்களின் விலை ஏறியதால், வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றுப் பழகிவிட்டார்கள். காரும் காணி போல ஏறிக்கொண்டே போகும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அந்த நினைப்பில் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள் என்பது என் எண்ணம். இறக்குமதி திறந்திருக்கிற நாட்டில் கார் விலை ஏறியே தீரும் என்று ஒரு விதியும் இல்லை.

முதலில் பார்த்தது நிலாவெளியில் ஒரு கார். வெள்ளை நிறம், உள்ளே புது சீட் கவர், கண்ணைப் பறிக்கிற மினுக்கம். எனக்குப் பிடித்துவிட்டது. நல்ல காலம், கன்னியா வீதியில் கராஜ் வைத்திருக்கிற பாஸை 5,000 ரூபாய் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. நேரே நிலத்தில் சாக்கை விரித்துப் படுத்தார். கதவுக்குக் கீழே ஓடுகிற பகுதியை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே முன்னால் இருந்து பின்னால் வந்தார். முதலில் டங் டங் என்று தகரச் சத்தம். பின் கதவுக்கு நேரே வந்ததும் சத்தம் தொக்கென்று விழுந்தது. அதே இடத்தில் இன்னொரு தட்டு. உள்ளேயிருந்து மண்ணிறத்தில் செதில் செதிலாகக் கொட்டியது, அவருடைய முகத்திலும் விழுந்தது. எழும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, மேலே பெயின்ட், நடுவில புட்டி, உள்ளுக்கு ஒன்றும் இல்லை” என்றார். பிறகு கதவு இறப்பரை இழுத்துக் காட்டினார், அதற்குள்ளும் கறள். டிக்கியில் ஸ்பெயார் ரயரைத் தூக்கினால் கிண்ணம் முழுக்கக் கறள். உரிமையாளர் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார். பாவம், அவரும் கடற்கரை வீட்டுக்காரர்தான்.

திருகோணமலையில் கார் வாங்குகிற எல்லோருக்கும் இது பொருந்தும். மூன்று பக்கமும் கடல். நிலாவெளி, உப்புவெளி, டச்சு பே பக்கம் வெளியில் நிறுத்துகிற கார்களுக்கு உப்புக் காற்று இராப் பகலாக வேலை செய்யும். எஞ்சின் பழுதென்றால் காசு கொடுத்து மாற்றலாம், உடம்பே உளுத்துப் போனால் தகர வேலை செய்கிற ரிங்கரிங் பாஸுக்குத்தான் வருமானம். ஒரு துணியில் சின்னக் காந்தத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். புட்டி தடிப்பாக இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டாது. கால் மிதி விரிப்பை மட்டுமல்ல, அதற்குக் கீழே இருக்கிற கார்பெட்டையும் கிளப்பச் சொல்லுங்கள். விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பாஸ்தான் யோசனை சொன்னார், கடல் இல்லாத ஊரில் தேடுங்கள் என்று. குருநாகல், தம்புள்ளை என்று தேடிக் கடைசியில் கெக்கிராவையில் ஒரு கார் கிடைத்தது. ஒரு சின்ன ஜப்பான் கார், 660 சிசி, 2014ஆம் வருடத் தயாரிப்பு. பாஸையும் கூட்டிக்கொண்டு கந்தளாய், ஹபரணை வழியாகப் போனோம். இந்தப் பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும், இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும், யானை நிற்கும். அதனால் காலையில் வெள்ளெனவே போய்விட்டோம். அது வேறொரு காரணத்துக்கும் நல்லது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும், நாங்கள் வருவதற்கு முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பொனட்டில் கை வைத்தால் தெரியும். இந்தக் கார் குளிர்ந்திருந்தது. புகை இல்லை. கீழே படுத்துத் தட்டிப் பார்த்தார், எல்லா இடமும் ஒரே சத்தம். ஸ்கேன் பண்ணினார். சாவியைத் திருப்பும்போது எயார் பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்தார், எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றிவிட்டார்கள் என்று அர்த்தமாம். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். 2318 என்று இருந்தது. 2018ஆம் வருட ரயர், மாற்ற வேண்டும். ஷொக் இரண்டும் போகப்போகிறது. ஏசி சுமார். இதையெல்லாம் சொல்லி 49இல் இருந்து 46க்கு இறக்கினோம். கார் நல்ல கார். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிரச்சினை மேசைக்கு வந்தபோது தொடங்கியது. காரின் புத்தகத்தில், அதாவது பதிவுச் சான்றிதழில், இருந்த பெயர் விற்கிறவரின் பெயர் இல்லை. கொழும்பில் இருந்த ஒருவரின் பெயர், அவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார். போகும்போது பெயர் மாற்றும் படிவங்களில் கையெழுத்துப் போட்டு ஒருவருக்குக் கொடுத்தார், அவர் அப்படியே இந்தக் கெக்கிராவைக்காரருக்கு விற்றார். ஓப்பன் பேப்பர் என்று இதற்குப் பெயர். நாடு முழுக்க நடக்கிறது, யாரும் இதைப் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க கியூ.ஆர். குறியீடு கொடுத்தபோது இப்படி ஓப்பன் பேப்பரில் ஓடிய எத்தனை பேர் பழைய உரிமையாளரைத் தேடி அலைந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? இரண்டாவது சிக்கல், காரின் மேல் முன்னர் லீசிங் இருந்தது. லீசிங் போட்ட வாகனத்தின் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயரை அப்சலூட் ஓனர் என்று பதிந்திருப்பார்கள், கடன் முடிந்தாலும் அதை நீக்காமல் வாகனம் உங்களுடையதாகாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டால் இந்த விபரத்தைப் பார்க்கலாம். நான் ஃபோனிலேயே போட்டுப் பார்த்தேன், நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. விற்கிறவர் கடன் முடிந்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். அசல் கடிதம்தான். “ரீச்சர், இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு நாள் வேலை” என்றார்.

அந்த இடத்தில் எனக்குள் ஏதோ இடித்தது. 42 இலட்சம் இப்போது, 4 இலட்சம் பெயர் மாறிய பிறகு என்று சொன்னேன். அவர் முகம் சுளித்தார், பாஸும் “பரவாயில்லை அக்கா, முடிச்சிடுங்கோ” என்கிற மாதிரிப் பார்த்தார். நான் அசையவில்லை. சட்டத்தரணி ஒருவரிடம் போய் ஒப்பந்தம் எழுதினோம். எழுதியது சிங்களத்தில். எனக்குப் பேச்சுச் சிங்களம் வரும், வாசிப்பு மெதுவாகத்தான். என்னோடு படிப்பிக்கிற ரீச்சர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பி, அவர் வரி வரியாக வாசித்துச் சொல்லும் வரைக்கும் கையெழுத்துப் போடவில்லை. முக்கால் மணித்தியாலம் எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். அந்த 4 இலட்சம் என் கையில் இருந்திராவிட்டால் இந்தக் கதை இன்னும் முடிந்திருக்காது.

நாரஹேன்பிட்டியில் இருக்கிற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பேப்பரைத் திருப்பிவிட்டார்கள். கனடாக்காரரின் கையெழுத்து பழைய கோப்பில் இருக்கிற கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. கடன் முடிந்த கடிதமும் செல்லாது, ஏனென்றால் அதைக் கொடுத்த நிதி நிறுவனம் இப்போது இல்லை, இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது, புதிய நிறுவனத்திடம் இருந்து புதிய கடிதம் வேண்டும். கவுன்டரில் இருந்த பெண் நல்லவர், விபரமாக எழுதித் தந்தார். வெளியே வந்து ஒரு மரத்துக்குக் கீழே நின்று அழுதேன். முதல் நாள் இரவு பஸ்ஸில் வந்த களைப்பு, பிள்ளைகளை அம்மாவோடு விட்டுவிட்டு வந்த கவலை, எல்லாம் சேர்ந்து. யாரிடம் சொல்வது? இவரிடம் சொன்னால் “நான் புதுசு எடு என்று சொன்னேனே” என்பார். அதனால் சொல்லவில்லை.

புதிய நிறுவனம் திருகோணமலைக் கிளைக்குப் போ என்றது, கிளை தலைமை அலுவலகத்துக்குப் போ என்றது, தலைமை அலுவலகம் பழைய கோப்பைத் தேடுகிறோம் என்றது. லீவு போட்டுப் போட்டு என் லீவுகள் கரைந்தன. கனடாக்காரரை முகநூலில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் மூலம் பிடித்தேன். தமிழர்தான். முதலில் மிகவும் அன்பாகக் கதைத்தார். அங்கே இருந்து, இன்னொருவர் தனக்காகக் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கிற அற்றோர்னித் தத்துவம் எழுதி, தூதரக அலுவலகத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும் என்றதும், “தங்கச்சி, எனக்கு வேலை இருக்கு, லீவு எடுக்க வேணும், ஒரு இரண்டு இலட்சம் பார்த்துத் தாங்கோ” என்றார். விற்று எத்தனையோ வருடமான காருக்கு! அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இதைப் பிள்ளைகள் வாசிக்க முடியாது. கெக்கிராவைக்காரரிடம் சொன்னேன், உங்கள் 4 இலட்சம் வேண்டுமென்றால் இதை நீங்கள் கதைத்து முடியுங்கள் என்று. அவர் கதைத்து ஒரு இலட்சத்துக்குக் கொண்டுவந்தார், அதை அந்த 4 இலட்சத்தில் இருந்து கழித்தோம். கூரியர், சட்டத்தரணி, போக்குவரத்து, கொழும்பில் தங்கியது, தாமதக் கட்டணம் என்று என் பங்குக்கு ஒன்றே முக்கால் இலட்சம் போனது. அந்த மாதங்களில் கார் என் வாசலில் நின்றது, ஓடியது, ஆனால் ஒவ்வொரு பொலிஸ் சோதனையிலும் நெஞ்சு படபடத்தது. வேறொருவர் பெயரில் இருக்கிற காரில் நான் யாரையாவது இடித்துவிட்டால் காப்புறுதி என்ன சொல்லும் என்ற யோசனையில் அம்மாவை மட்டக்களப்புக்கு ஏற்றிக்கொண்டு போக மனம் வரவில்லை. காரை வைத்துக்கொண்டு வானுக்குக் காசு கட்டினேன்.

லீசிங்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே. லீசிங் போட்டால் நிறுவனம் காசை விடுவதற்கு முன் தானே புத்தகத்தைத் துருவிப் பார்க்கும், பழைய அப்சலூட் ஓனரை நீக்காமல் ஒரு சதமும் விடாது. காசு முழுக்கக் கையில் இருந்தாலும், பத்து இலட்சத்துக்காவது சின்ன லீசிங் போட்டுச் சீக்கிரம் அடைத்துவிடுங்கள் என்றுதான் இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முன்கூட்டி அடைப்பதற்கு எவ்வளவு கட்டணம் என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால் புத்தகத்தில் இருக்கிற ஆளே உங்கள் முன்னால் தேசிய அடையாள அட்டையோடு உட்கார்ந்து, பெயர் மாற்றுகிற எம்.ரீ.ஏ. 6, எம்.ரீ.ஏ. 8 படிவங்களில் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தில் இருக்கிற எஞ்சின், சேஸி இலக்கங்களைக் காரில் இருக்கிற இலக்கங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் மாற்றியிருந்தால் புத்தகத்திலும் மாறியிருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைப் பத்திரம், காப்புறுதி மூன்றும் எப்போது முடிகிறது என்று பாருங்கள், அடுத்த வாரம் முடிகிறதென்றால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.

திருத்த வேலைக்கு நான்கு ரயர், ஷொக், ஏசி, பற்றரி, பிரேக் பாட் என்று நான்கு இலட்சத்தை நெருங்கியது. இதற்கு நான் கவலைப்படவில்லை, எதிர்பார்த்து ஒதுக்கி வைத்திருந்தேன். பழைய கார் எடுக்கிறவர்கள் கையில் இருக்கிற காசு முழுவதையும் காருக்குக் கொடுக்கக் கூடாது. பத்தில் ஒரு பங்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒதுங்கி இருக்கட்டும். ஹைபிரிட் எடுக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூட வைக்க வேண்டும். பெரிய பற்றரிக்குக் காற்றுப் போகிற ஓட்டை சில கார்களில் பின் சீட்டுப் பக்கம் இருக்கும், அதில் தூசும் பிள்ளைகள் கொட்டுகிற முறுக்குத் தூளும் அடைத்தால் பற்றரி சூடாகிச் சீக்கிரம் போய்விடும். பார்க்கப் போகும்போது அந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, மகாவலி பெருகி, மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றது. நாட்டின் மற்றப் பக்கங்களிலும் எத்தனையோ வாகனங்கள் தண்ணீருக்குள் கிடந்தன. அவற்றில் கொஞ்சமாவது கழுவிப் பூசி விற்பனைக்கு வரும், விலையும் ஆசைப்படுகிற மாதிரி இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். சீட்டுக்குக் கீழே இருக்கிற ஆணிகள் கறள் பிடித்திருக்கின்றனவா, கதவைப் பூட்டி ஏசியைப் போட்டால் பூஞ்சண வாடை வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது என்னிடம் புதுசா பழசா என்று கேட்டால், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், ஊரில் உங்களுக்காக ஓட ஆள் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், தவணை கட்ட முடியும், அலைய ஆளில்லை என்றால் ரெஜிஸ்டர் பண்ணாத கார் எடுங்கள். ஏலத்தாள் இருக்கும், புத்தகத்தில் முதல் பெயரே உங்களுடையது. அந்த நிம்மதிக்கு அவ்வளவு காசு கொடுக்கலாம். அது முடியாதவர்களுக்குப் பழசில் ஒரு குறையும் இல்லை, ஒரே கையில் இருந்த, புத்தகத்தில் இருக்கிற ஆளே விற்கிற கார் என்றால் மூன்று இலட்சம் கூடக் கொடுத்து எடுப்பேன். என் கார் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அந்தப் பேப்பர்தான், மலிவாகக் கிடைத்த அந்தக் காசும் கடைசியில் பேப்பருக்கே போனது. மற்றப்படி கார் நன்றாக ஓடுகிறது. மட்டக்களப்புக்கு முதலில் போய்வந்தபோது பெற்றோல் ஐயாயிரத்துக்குள் முடிந்தது. கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி விடுகிறேன், மழைக்கு முன் அண்டர் கோட் அடித்தேன்.

போன மாதம் இவருக்கு மூதூரில் இருந்து ஒரு ஃபோன். 2019இல் இவர் விற்ற மோட்டார் சைக்கிளை வாங்கியவர். அவர் இப்போது அதை விற்கப் போகிறாராம், பேப்பரைக் கொண்டுபோனால் கையெழுத்து ஒத்துவரவில்லையாம், ஐயா கட்டாரில் இருந்து ஏதாவது அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, “நான் விற்று எத்தனை வருடம், எனக்கென்ன” என்று என்னிடம் கேட்டார். நான் எல்லாக் கதையையும் அன்றைக்குத்தான் முழுதாக அவருக்குச் சொன்னேன். படிவங்கள் இரண்டையும் எடுத்து நிரப்பி வைத்திருக்கிறேன். ஏப்ரலில் லீவில் வந்ததும் முதல் வேலையாகக் காரில் மூதூர் போய்க் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த மனுசனிடம் காசு ஒன்றும் கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.